திட உணவு தொடங்கியதும் குழந்தையின் மலம் மாறுவது ஏன், எதற்குப் பயப்பட வேண்டும்?

உங்கள் குழந்தைக்கு ஆறரை மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். திட உணவு தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்து முறை மஞ்சளாக, இளகலாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை இப்போது இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் போகிறது. அதுவும் பழுப்பாக, கெட்டியாக, நாற்றத்தோடு. போகும்போது முகம் சிவக்க முக்குகிறது. ஒரு நாள் மலத்தில் கறுப்பாக நூல் நூலாக ஏதோ கிடந்தது. "திட உணவைச் சீக்கிரம் தொடங்கிவிட்டேனா, நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தலாமா என்பது மேலோட்டமான கேள்விதான். இது வழக்கமான மாற்றமா, கோளாறா, இரண்டையும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தைகள் மருத்துவராகப் பல ஆண்டுகளாக வெளிநோயாளிகளைப் பார்க்கிறேன். ஆறாவது, ஏழாவது மாதத்தில் வரும் பெற்றோர்களில் பாதிப் பேராவது டயப்பரைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், நிறுத்த வேண்டாம். சீக்கிரமும் தொடங்கவில்லை, உலக சுகாதார நிறுவனம் சொல்வதே ஆறு மாதம் முடிந்ததும்தான். நீங்கள் சொன்ன எல்லாமே எதிர்பார்க்கக்கூடிய மாற்றங்கள். ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. வெளியே வரும்போது மலம் மெத்தென்று இருக்கிறதா, உருண்டை உருண்டையாக இறுகி இருக்கிறதா? என் பதிலில் பெரும்பகுதி அதைப் பொறுத்ததுதான். குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் எழுத்தில் சொல்வது இது என்பதையும் நினைவில் வையுங்கள். வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் எடை பார்ப்பதும் நேரில்தான் முடியும்.

ஏன் மாறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும். தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காமல் மிஞ்சுவது மிகக் குறைவு. அதில் உள்ள சில சர்க்கரைகள் குழந்தைக்கு உணவே அல்ல, குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியா என்ற நுண்ணுயிரிகளுக்கான உணவு. அவை அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் குடலை லேசான அமிலத்தன்மையில் வைத்திருக்கும். அதனால்தான் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் மஞ்சளாக, சின்னச் சின்னத் திரிதிரியாக, கொஞ்சம் புளிப்பு வாசனையோடு இருக்கிறது. கெட்ட நாற்றம் இருப்பதில்லை. திட உணவு உள்ளே போனதும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் புதுப் புரதங்களும் பெருங்குடல் வரை போய்ச் சேர்கின்றன. அவற்றைத் தின்னக்கூடிய வேறு நுண்ணுயிரிகள் அங்கே குடியேறுகின்றன. புரதத்தை அவை உடைக்கும்போது கந்தகம் கலந்த வாயுவும் இண்டோல், ஸ்கேட்டோல் போன்ற பொருட்களும் உண்டாகின்றன. நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. பித்தத்தில் உள்ள நிறமியை இதே நுண்ணுயிரிகள் மாற்றுவதால்தான் மஞ்சள் போய்ப் பழுப்பு வருகிறது. மொத்தத்தில் குழந்தையின் குடல் பெரியவர்களின் குடலாக மாறத் தொடங்கியிருக்கிறது. அந்த வேலை முடிய இரண்டு மூன்று வயது வரை ஆகும்.

இதற்கு நடுவே செரிமான நொதிகளும் முழுதாகத் தயாராகியிருக்காது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ், கணையத்தில் பிறந்த புதிதில் மிகக் குறைவாகத்தான் சுரக்கும். முதல் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். எச்சிலில் உள்ளதும் தாய்ப்பாலோடு வருவதும் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆகவே சாப்பிட்டது சாப்பிட்டபடியே வெளியே வருவதைப் பார்த்து "ஒன்றும் செரிக்கவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். பட்டாணித் தோல், சோளம், கேரட் துணுக்கு எல்லாம் பெரியவர்களுக்கே முழுதாக உடையாது. பல் இல்லாத குழந்தை மெல்லாமல் விழுங்கினால் அப்படியேதான் வரும். எடை ஏறிக்கொண்டிருந்தால் தேவையான சத்து உள்ளே போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

அந்தக் கறுப்பு நூலுக்கு வருகிறேன். முந்தின நாளோ அன்றோ வாழைப்பழம் கொடுத்திருப்பீர்கள். பழத்தின் நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி செரிக்காமல் கறுத்து, சிறு சிறு நூல் துண்டுகளாக வெளியே வரும். புழு என்று நினைத்து டயப்பரைப் பையில் சுற்றி எடுத்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் எளிதுதான். குழந்தைகளிடம் சாதாரணமாகப் பார்க்கும் நூல்புழு வெள்ளையாக இருக்கும், உயிரோடு இருந்தால் நெளியும். வாழைப்பழ நூல் கறுப்பாக, அசையாமல் கிடக்கும். இரண்டு மூன்று நாள் வாழைப்பழத்தை நிறுத்திப் பாருங்கள், நூல்களும் நின்றுவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்ற கணக்கில்தான் அதிகக் குழப்பம். தாய்ப்பால் குழந்தைகள் ஆறு வாரம் தாண்டிய பிறகு ஒரு வாரம் வரைகூடப் போகாமல் இருந்து, பிறகு இளகலாக ஒரேயடியாகப் போவதுண்டு. குழந்தை சுகமாக இருந்தால் அது நோயே இல்லை. திட உணவுக்குப் பின் சில குழந்தைகள் ஒரு நாளைக்கு மூன்று முறை போகும், சில குழந்தைகள் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை. நாட்காட்டியை வைத்து மலச்சிக்கலை முடிவு செய்ய முடியாது. தினமும் போகிற குழந்தைக்கும் மலச்சிக்கல் இருக்கலாம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் போன்ற உருண்டைகளை வலியோடு தள்ளிக்கொண்டிருந்தால். மூன்று நாளைக்கு ஒரு முறை மெத்தென்று போகிற குழந்தைக்கு அது இல்லை.

முக்குவதும் அப்படித்தான். மலம் வெளியேற இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: வயிற்றுத் தசை அழுத்த வேண்டும், அடியில் இருக்கும் தசை தளர வேண்டும். நாம் உட்கார்ந்து போகிறோம், புவியீர்ப்பு உதவுகிறது. குழந்தை மல்லாந்து படுத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும், அதுவும் நேற்று வரை தண்ணீர் மாதிரி வழிந்துகொண்டிருந்த மலம் இன்று கெட்டியாகிவிட்ட பிறகு. முகம் சிவந்து, முனகி, காலை மடக்கி முக்கத்தான் செய்யும். சில குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு மேல் முக்கி அழுத பிறகும் கடைசியில் இளகலாகவே போகும். இரண்டு தசைகளும் இன்னும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கப் பழகாததுதான் காரணம், ஒன்பது மாத வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். அந்தக் குழந்தைக்கு மருந்தும் தேவையில்லை, ஆசனவாயைத் தூண்டிவிடவும் வேண்டாம். தூண்டித் தூண்டிப் போகவைத்தால் தானாகத் தளர்த்தக் கற்றுக்கொள்வதுதான் தள்ளிப்போகும்.

சரி, உண்மையான மலச்சிக்கல் எப்படி இருக்கும்? மலம் உலர்ந்து உருண்டைகளாகவோ, குழந்தையின் அளவுக்குப் பொருந்தாத தடிமனிலோ வரும். போகும்போது வெறும் முனகல் இல்லை, வலியில் வீறிட்டு அழும். முதுகை வளைத்து உடலை விறைக்கும். மலத்தின் மேல் பளிச்சென்று சிவப்பாக ஒரு கோடு ரத்தம் ஒட்டியிருக்கலாம். இறுகிய மலம் ஆசனவாயின் ஓரத்தைக் கீறியதால் வருவது அது. வயிறு உப்பும், சாப்பாடு குறையும். குழந்தைப் பருவத்தில் மலச்சிக்கல் தொடங்க வாய்ப்புள்ள கட்டங்கள் மூன்று: திட உணவு தொடங்கும்போது, கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுக்கும்போது, பள்ளியில் சேரும்போது. முதலாவதில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் கவனம் வைப்பதில் தவறில்லை. வலித்தால் அடுத்த முறை குழந்தை அடக்கும். அடக்கினால் பெருங்குடல் இன்னும் நீரை உறிஞ்சி மலத்தை இறுக்கும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழல் தொடங்குவதற்கு முன்பே மலத்தை இளக்கிவிடுவதுதான் எங்கள் வேலையும் உங்கள் வேலையும்.

மலம் கொஞ்சம் இறுகத் தொடங்கியிருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. முதலில் பாலைப் பாருங்கள். திட உணவு தொடங்கியதும் பெற்றோர்கள் உற்சாகத்தில் கிண்ணத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், பால் தானாகக் குறைந்துவிடும். நான் பார்த்த மலச்சிக்கல்களில் பல இங்கேதான் தொடங்கின. ஆறு முதல் எட்டு மாதம் வரை இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். முக்கிய உணவு இன்னும் பால்தான். சாப்பாட்டோடு கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஓரிரு வாயாகக் கொடுத்துப் பழக்கலாம். நாள் முழுவதும் சேர்த்து 120 முதல் 240 மில்லிக்குள் இருக்கட்டும், தண்ணீரால் வயிறு நிறைந்து பால் குறையக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தத் தண்ணீரும் வேண்டாம். பவுடர் பால் குடிக்கும் குழந்தையென்றால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்கிறார்களா என்று பாருங்கள். "கொஞ்சம் கெட்டியாக இருந்தால் சத்து" என்று பவுடரைக் கூட்டிப் போடுவது மலத்தை இறுக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை.

அப்புறம் உணவு. பேரிக்காய், பீச், உலர்ந்த பிளம் ஆகியவற்றில் சார்பிட்டால் என்ற சர்க்கரை உண்டு. குடல் அதை முழுதாக உறிஞ்சாது. அது தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்வதால் மலம் இளகும். இந்தப் பழங்களை மசித்துக் கொடுப்பது பலன் தரும் என்று நம்பிச் சொல்லலாம். பருப்பு, பட்டாணி, காய்களின் நாரும் உதவும், தண்ணீர் போதுமான அளவு போனால். வேகவைத்த கேரட், ஆப்பிள், அரிசிக் கஞ்சி ஆகியவை மலத்தைக் கட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை, குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. எதற்கும் நிரந்தரத் தடை போடாமல், சந்தேகப்படும் உணவை நாலைந்து நாள் நிறுத்திப் பார்த்து, மீண்டும் கொடுத்துப் பாருங்கள். இன்னும் காயாகவே இருக்கும் வாழைப்பழத்தில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து அதிகம், அதனால் நன்றாகப் பழுத்ததைக் கொடுப்பது நல்லது. இரும்புச்சத்து சேர்த்த பவுடர் பால் மலச்சிக்கல் உண்டாக்கும் என்ற பேச்சை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்பு மிகவும் தேவை, மலத்துக்குப் பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவுவது, கால்களைப் பிடித்து சைக்கிள் ஓட்டுவது போல அசைப்பது, வெதுவெதுப்பான நீரில் உட்காரவைப்பது, இவையெல்லாம் எவ்வளவு உதவுகின்றன என்பதற்குப் பெரிய சான்று கிடையாது. கெடுதலும் இல்லை. குழந்தைக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள்.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சோப்புத் துண்டு, தெர்மாமீட்டர் முனை, எண்ணெய் தொட்ட பஞ்சு என்று எதையும் ஆசனவாயில் நுழைக்க வேண்டாம். சோப்பு அங்குள்ள மெல்லிய சவ்வைப் புண்ணாக்கும். எந்த எண்ணெயையும் வாய்வழி மருந்தாக ஊற்றாதீர்கள்; புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது கடுமையான நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மலம் இளகட்டும் என்று தேன் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கினால், அதன் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான். பிறகு உறிஞ்சும் பலம் குறையும், அழுகை மெலியும், உடல் துவண்டுவிடும். பெரியவர்களுக்கான பேதி மருந்து பற்றி நான் சொல்லவே தேவையில்லை. அதேசமயம் உங்கள் டாக்டர் லாக்டுலோஸ் போன்ற ஒன்றை எழுதிக்கொடுத்தால் "பழக்கமாகிவிடும்" என்று பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். அது குடலுக்குள் தண்ணீரை வைத்திருக்கும் மருந்து, குடலைச் சோம்பேறியாக்காது. பாதியில் நிறுத்தினால்தான் வலியும் அடக்குவதும் திரும்ப வரும்.

நிறங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். கீரை கொடுத்தால் பச்சை, பீட்ரூட் கொடுத்தால் சிவப்பு; சிறுநீரும் சிவக்கலாம். இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தால் கரும்பச்சை. எதுவும் கொடுக்காமலே பச்சையாகப் போனாலும் பித்தம் கொஞ்சம் வேகமாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று நிறங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்பு போலவோ சாம்பல் போலவோ வெளுத்த மலம் பித்தம் குடலுக்கு வரவில்லை என்பதைக் காட்டலாம். எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும். தார் போல ஒட்டும், பளபளக்கும் கறுப்பு, மேல்குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம். பீட்ரூட்டோ வேறு சிவப்பு உணவோ சம்பந்தப்படாத சிவப்பு, ரத்தம்தான் என்று எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். சந்தேகம் இருந்தால் டயப்பரையே எடுத்துப் போங்கள், ரத்தமா இல்லையா என்று எளிய சோதனையில் தெரிந்துவிடும்.

மறுபக்கம், இளகலாகப் போவது. புது உணவுக்கு ஓரிரு நாள் கொஞ்சம் இளகுவது சகஜம். ஆனால் தண்ணீராக, வழக்கத்தைவிடப் பல முறை போனால் அதைத் திட உணவின் மேலோ பல் முளைப்பதின் மேலோ போட்டுவிடாதீர்கள். பல் முளைப்பதால் உண்மையான வயிற்றுப்போக்கு வருவதில்லை. இந்த வயதில் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறது, கிண்ணமும் கரண்டியும் புதிதாக உள்ளே வருகின்றன. கிருமி உள்ளே போக வழி கூடிவிட்டது. ஆக்கிய உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து கொடுக்க வேண்டாம், குழந்தை மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் பாலையும் உணவையும் நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, குழந்தை சோர்ந்து கிடக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள்.

இன்னும் இரண்டு நிலைமைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் இதே வயதில் வருகின்றன, இரண்டையும் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள். ஒன்று, குடலின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதிக்குள் செருகிக்கொள்வது. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும், முகம் வெளுக்கும்; சில நிமிடத்தில் அடங்கி அமைதியாகவோ துவண்டோ கிடக்கும்; கால் மணி, இருபது நிமிடத்தில் மீண்டும் அதே வலி. வாந்தி சேர்ந்துகொள்ளும், பிறகு அது பச்சையாகலாம். சளியும் ரத்தமும் கலந்து கருஞ்சிவப்பாக மலம் வருவது பெரும்பாலும் தாமதமான அறிகுறி, அது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்; நேரத்தோடு போனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரிசெய்துவிடலாம். இன்னொன்று ஒருவகை உணவு ஒவ்வாமை. குறிப்பிட்ட ஓர் உணவைக் கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் அடுக்கடுக்கான வாந்தி, வெளுத்துத் துவளுதல், சில மணி நேரம் கழித்து பேதி. தோலில் தடிப்பு இருக்காது என்பதால் ஒவ்வாமை என்றே தோன்றாது. அரிசி, ஓட்ஸ், மாட்டுப்பால், சோயா எதுவும் காரணமாகலாம். அந்த உணவை மறுபடி கொடுத்துச் சோதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு அவசரம் இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில் காட்ட வேண்டியவையும் உண்டு: எடை ஏறாமல் நிற்பது, வயிறு உப்பியே இருப்பது, உணவை மாற்றிப் பார்த்த பிறகும் இறுகிய மலமும் வலியும் ஒன்றிரண்டு வாரம் தொடர்வது, கோதுமை தொடங்கிச் சில வாரங்களில் வெளிறிய, அளவில் அதிகமான மலமும் எடைக்குறைவும் சேர்ந்து வருவது. பிறந்தபோது முதல் கருமலம் 48 மணி நேரத்துக்குள் போனதா என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தாமதமாகியிருந்தாலோ, முதல் மாதத்திலிருந்தே மலச்சிக்கல் என்றாலோ, காரணம் திட உணவு இல்லை. குடல் நரம்புகளைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் குழந்தைக்கு இதில் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே இப்போதைக்கு உணவைத் தொடருங்கள், தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள், தினம் ஒரு முறையாவது பேரிக்காயோ வேறு பழமோ மசித்துக் கொடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் என்ன சாப்பிட்டது, எப்போது போனது, மெத்தென்று இருந்ததா இறுகி இருந்ததா என்று குறித்துவாருங்கள். வித்தியாசமாக ஏதாவது வந்தால் வெளிச்சத்தில் வைத்து மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு மாதிரி இருந்தது டாக்டர்" என்பதைவிட அந்தப் படம் எங்களுக்கு எவ்வளவோ மேல். அருவருப்பாக இருக்குமே என்று தயங்கவே வேண்டாம், நாங்கள் தினம் பார்ப்பதுதான். மலம் இறுகித்தான் வருகிறது என்றால் அதையும் எழுதுங்கள், என்ன உணவு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதோடு சேர்த்து.